டெக்சாஸ் டாக்டர்

டெக்சாஸில், பிளானோ என்ற ஊரில் ஒரு மென்பொருள் சோதனைக் குழுவுக்கு மேலாளராக இருந்த வெள்ளியங்கிரி, 2005 கோடையில் குடும்பத்தோடு நியூஜெர்சிக்கு விடுமுறை போனான். ஐசலினில் கல்லூரித் தோழன் கஸ்தூரிரங்கன் வீட்டில் தங்கலாம், ஓக் ட்ரீ ரோட்டில் புடவை எடுக்கலாம், கடல் பார்க்கலாம் என்று மனைவி வசந்தாமணியிடம் அடுக்கியிருந்தான். அந்தக் கடல் அட்லாண்டிக் சிட்டியில் காசினோக்களுக்குப் பின்புறம் இருக்கிறது என்பதை மட்டும் விமானம் ஏறிய பிறகு சொன்னான்.

இரண்டு வருஷமாக அவனுக்குப் போக்கர் பைத்தியம். கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள் டிவியில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் ஜெயிப்பதைப் பார்த்துப் பார்த்து, தனக்கும் அந்த முறைப்பு வரும் என்று கண்டுபிடித்திருந்தான். புத்தகங்கள் வாங்கி அடிக்கோடிட்டுப் படித்தான். ஆபீஸ் மதியச் சாப்பாட்டு மேசையில், கையில் ஒன்றுமில்லாமல் எதிராளியை மிரட்டி ஓடவைக்கும் கலையைப் பற்றி ஜூனியர்களுக்கு வகுப்பெடுத்தான். டெக்சாஸில் காசினோ கிடையாது. அதனால் அவன் திறமையைச் சோதிக்க ஒருவரும் இல்லாமல், அது நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போனது.

முதல் நாள், மகளைக் கஸ்தூரிரங்கன் குழந்தைகளோடு விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வசந்தாமணி கடற்கரைப் பலகைப் பாதையில் நடக்கப் போனாள். வெள்ளியங்கிரி தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் ஒரு காசினோவுக்குள் நுழைந்து, இருப்பதிலேயே சின்ன மேசையில் உட்கார்ந்தான். அங்கே ஒரு தடவைக்கு இரண்டு அல்லது நாலு டாலருக்கு மேல் கட்ட முடியாது. ஓய்வூதியக்காரர்கள் பொழுதுபோகாமல் வந்து உட்காரும் மேசை அது. நாலு டாலரைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது என்று அவன் படித்த புத்தகங்களில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்துக்கு அவன் அடிக்கோடு போடவில்லை.

எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மாள் சாண்ட்விச் தின்றுகொண்டே ஆடினாள். வெள்ளியங்கிரி ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு மேலே மேலே கட்டி அவளை முறைத்தான். அவள் விரலை நக்கிவிட்டுப் பணத்தைத் தள்ளினாள். அவளிடம் ஒரு ஜோடி மூன்று இருந்தது, அதுவே போதுமாயிருந்தது. "சும்மா, நீ என்ன வெச்சிருக்கேன்னு பாக்கலாம்னுதான்," என்று அவனுக்கு ஆறுதல் சொன்னாள். மாலைக்குள் கொண்டுபோனது எல்லாம் போய்விட்டது.

"அவங்களுக்கு விளையாடவே தெரியல," என்றான் காரில். "தெரியாதவங்ககிட்ட என் ஆட்டம் எடுபடாது."

"தெரிஞ்சவங்ககிட்ட போனா எடுபடுமாக்கும்," என்றாள் வசந்தாமணி.

மறுநாள் வேறு காசினோ. மேசையில் தனக்கென்று ஒரு பிம்பத்தை உருவாக்க வேண்டும் என்று ஒரு புத்தகம் சொல்லியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர், "எங்கேயிருந்து வர்றீங்க, என்ன வேலை?" என்று பேச்சுக்குக் கேட்டார். வெள்ளியங்கிரியின் வாயிலிருந்து, "ஹூஸ்டன். இதய டாக்டர்," என்று வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் வந்ததும் மேசையே நிமிர்ந்து உட்கார்ந்தது. சீட்டுப் போடும் பெண்கூட அதற்குப் பிறகு அவனை 'டாக்' என்றாள்.

அடுத்த ஆட்டத்தில் அவன் வெறுங்கையோடு கட்டினான். பக்கத்துக்காரர் யோசித்தார், தன் சீட்டைக் கீழே போட்டார். "டாக்டர் எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?" வாழ்க்கையில் முதல்முறையாக மிரட்டல் பலித்தது. வெள்ளியங்கிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் மேசைக் கோடியிலிருந்து ஒரு குரல் தமிழில் கேட்டது. "தம்பி நம்ம ஊரா?"

எழுபது வயதை நெருங்கும் மனிதர். சேலத்தில் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் வெங்கடாசலம். எடிசனில் மகன் வீட்டுக்கு ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும், ஓக் ட்ரீ ரோடு பக்கத்திலிருந்து புறப்படும் காசினோ பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். கோயிலில் சேவை செய்வதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். இதையெல்லாம் அவரே பெருமையாகச் சொன்னார், சொல்லிக்கொண்டே பக்கத்து நாற்காலிக்கு இடம் மாறினார்.

"ஒரு சந்தேகம் டாக்டர் தம்பி. ஹார்ட் வீக்குன்னு நீர் மாத்திரை குடுத்திருக்கான். அதைப் போட்டா அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம் ஓடணும். நான் ஓடுற நேரம் பாத்து நல்ல சீட்டா விழுது. பஸ்ல வேற அவஸ்தை. ரெண்டு மூணு நாள் விட்டா என்ன ஆகும்?"

இந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மேசை முழுவதும் அவனையே பார்த்தது, மொழி புரியாவிட்டாலும் வைத்தியம் நடக்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. வெள்ளியங்கிரி முதியவரின் மணிக்கட்டைப் பிடித்துச் சற்றுநேரம் கூரையைப் பார்த்தான்.

"பல்ஸ் நல்லா இருக்கு அங்கிள். ரெண்டு மூணு நாள் விடலாம், ஒண்ணும் ஆகாது. தண்ணி மட்டும் கம்மியா குடிங்க."

"கரெக்ட். நானும் அதேதான் நினைச்சேன். இங்க இருக்கிற டாக்டருங்க எல்லாம் மாத்திரைக் கம்பெனிக்கு ஏஜென்ட்."

அன்று வெள்ளியங்கிரி ஜெயித்தான். ஜெயித்தது கஸ்தூரிரங்கன் வீட்டுக்கு இனிப்பு வாங்கத்தான் போதும், இருந்தாலும் இரவுச் சாப்பாட்டில் அந்த ஆட்டங்களை ஒன்று விடாமல் விவரித்தான். டாக்டரான கதையைச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஓய்வு என்று வசந்தாமணி கண்டிப்பாகச் சொல்லி, அவனைப் புடவைக் கடைக்கு இழுத்துப் போனாள். அதற்கும் மறுநாள்தான் மூன்றாவது காசினோ. இது ஊரின் மறுகோடியில், படகுத்துறை பக்கம். பழகிய முகம் எதுவும் இருக்காது என்று நிம்மதியாக உட்கார்ந்தான், இங்கேயும் டாக்டராகவே தொடங்கினான்.

மதியம் வந்த சீட்டில் அவன் கையில் இரண்டு ராஜா. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் சீட்டுகளில் மூன்றாவது ராஜாவும் இரண்டு பத்தும் விழுந்தன. அந்த விடுமுறையில் அவன் கண்ட மிகப் பெரிய கை. ஏற்றிக் கட்டப் பந்தய வில்லைகளை எடுத்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

வெங்கடாசலம். பின்னால் அவரோடு அதே பஸ்ஸில் வரும் பக்கத்து வீட்டுப் பர்வதம் அம்மாள், கையில் மாத்திரைகள் நிரம்பிய ஒரு ஜிப்லாக் பை.

"எங்கெல்லாம் தேடறது டாக்டர் தம்பி," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "நேத்து ராத்திரி படுக்க முடியல. உக்காந்தேதான் தூங்கினேன். காலு பாருங்க." வேட்டிக்கட்டு பழகிய இடுப்பில் தொங்கிய பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். கணுக்கால் இருக்கவேண்டிய இடத்தில் கணுக்கால் தெரியவில்லை.

வெள்ளியங்கிரி காலைப் பார்த்தான். கையிலிருந்த ராஜாக்களைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம் அங்கிள், இந்தக் கை முடியட்டும்."

அவர் காத்திருந்தார், டாக்டர் என்றால் காக்கவைப்பார் என்று பழகியவர். ஆனால் மேசையிலிருந்தவர்கள் அவர் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்து, சீட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார்கள். அந்த மகத்தான கைக்கு மேசை நடுவில் ஏற்கெனவே கிடந்த சில்லறைதான் கிடைத்தது. சீட்டுப் போடும் பெண் காவலரைக் கூப்பிட்டாள். வந்த காவலர், "இங்கே டாக்டர் யாராவது?" என்றார். மேசையே வெள்ளியங்கிரியைக் காட்டியது.

"நான் டாக்டர் இல்லை," என்றான் ஆங்கிலத்தில். பிறகு தமிழில், "அங்கிள், நான் டாக்டர் இல்லீங்க. சாஃப்ட்வேர் டெஸ்டிங். அந்த மாத்திரையை உடனே போடணும், ஆஸ்பத்திரி போகணும்."

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். "கேஸ் போட்டுடுவாங்கன்னு பயப்படறார். டாக்டருங்க எல்லாரும் இப்படித்தான்." வெங்கடாசலமும் மூச்சிரைப்புக்கு நடுவே தலையாட்டினார். "தன்னடக்கம். முந்தாநாள் எவ்வளவு கரெக்டா பல்ஸ் பாத்தாரு தெரியுமா."

பர்வதம் அம்மாள் பையை நீட்டினாள். "இது முட்டிக்கு, டாக்டர். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?"

மூன்று மேசைகளில் அவன் சொன்ன ஒரே உண்மையை ஒருவர்கூட நம்பவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த வசந்தாமணி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். அவள் முகம் மாறியதிலிருந்து, கடைசி நாலைந்து வாக்கியங்களையாவது கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

"இவர் என் வீட்டுக்காரர்," என்றாள் காவலரிடம் ஆங்கிலத்தில். "டாக்டர் இல்லை. ஊசின்னா மயங்கி விழற ஆள்."

அதை எல்லோரும் உடனே நம்பினார்கள்.

சக்கர நாற்காலி வந்தது, ஆக்சிஜன் வந்தது. ஏற்றும்போது வெங்கடாசலம் வசந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பையன்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. கோயில்ல இருக்கேன்னு நினைச்சிட்டிருப்பான்." அவள் பர்வதம் அம்மாளிடம் மகனின் எண்ணை வாங்கி, அழைத்து, போனைக் கணவனிடம் கொடுத்தாள்.

"பேசுங்க."

"நீ பேசேன்."

"நான் யாருக்கும் வைத்தியம் பாக்கலையே."

எதிர்முனையில் மகன் பதறிப்போய் எல்லாம் கேட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரிப் பெயரை எழுதிக்கொண்டான். பிறகு குரல் இறுகியது. "முந்தாநாள் கோயில்ல ஒரு டாக்டரைப் பாத்தேன், மாத்திரை வேண்டாம்னு சொன்னாருன்னு அப்பா சொன்னாரு. அந்த ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

வெள்ளியங்கிரி மனைவியைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போன் வழியே வந்த குரல் அவளுக்கும் கேட்டிருந்தது.

"நான்தாங்க அது," என்றான். "டாக்டர் இல்லீங்க."

அதற்குப் பிறகு மகன் பேசியதை அச்சில் போட முடியாது. வெள்ளியங்கிரி "ஆமாங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

வெங்கடாசலம் பிழைத்துக்கொண்டார். நுரையீரலில் கோத்திருந்த நீரை எடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊரில் எடுத்த பயண இன்ஷூரன்ஸ், பழைய இதய நோய்க்குப் பணம் தராது என்று கைவிரித்தது. பிளானோ திரும்பியதும் வசந்தாமணி ஒரு காசோலை எழுதி, கணவனிடம் கையெழுத்து வாங்கி எடிசனுக்கு அனுப்பினாள். அது வங்கிக்குப் போனது, பதில் எதுவும் வரவில்லை. ஆபீஸ் மதியச் சாப்பாட்டில் ஜூனியர்கள் அட்லாண்டிக் சிட்டி பற்றிக் கேட்டபோது, வெள்ளியங்கிரி கடல் நன்றாக இருந்தது என்றான்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை போன் அடித்தது.

"டாக்டர் தம்பி, வெங்கடாசலம் பேசறேன். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்பறேன்."

"அங்கிள், நான் டாக்டர் இல்லீங்க."

"பையனும் அப்படித்தான் சொல்றான். சரி, இருக்கட்டும். இந்தக் கொலஸ்ட்ரால் மாத்திரை காலைலயா, ராத்திரியா?"

"உங்க டாக்டரைக் கேளுங்க அங்கிள்."

எதிர்முனையில் பெருமூச்சு கேட்டது. "அவன் உங்களை மாதிரி பொறுமையா பேசமாட்டான் தம்பி."