விசிறி இல்லாத டப்பா

கடைக்குச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது அப்பாவின் யோசனை. எங்கள் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எதை வாங்கினாலும் சித்தப்பா தூக்கிப் பார்த்து, "கனமா இருக்கு, நல்ல சாமான்" என்று சொல்ல வேண்டும். மிக்சி அப்படித்தான் வந்தது. ஃபிரிட்ஜைத் தூக்கப்போய் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதும் அப்படித்தான்.

எனக்கு வேண்டியது கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர். இனிமேல் கட்டப்போகும் கட்டடத்துக்குள் நடந்துபோவதுபோல் வீடியோ செய்யும் கம்பெனி ஒன்று எனக்குச் சோதனை வைத்திருந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தைத் திங்கட்கிழமைக்குள் செய்து அனுப்பினால் வேலை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் ஒரு ஜன்னலை முடிப்பதற்குள் மூச்சு வாங்கி அணைந்துவிடும். அனுப்பாவிட்டால் சித்தப்பாவின் சிநேகிதர் கடையில் பில் போடப் போகவேண்டியதுதான். குடும்பத்தின் முதல் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதை வாங்கியவள் வாயைத் திறந்தால் மட்டும் உஷ்.

கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, பிராசசரின் சூட்டைத் தணிக்க உள்ளே விசிறியும் உண்டு. மற்றது உள்ளங்கையளவு. விலையும் அதிகம், விசிறியும் தனி.

சித்தப்பா இரண்டையும் தூக்கினார். "இதுல என்ன, காத்தை அடைச்சுக் குடுக்கறீங்களா? பெருசையே போடுங்க."

"கரெக்ட் சார். பசங்க எல்லாம் இதைத்தான் வாங்கறாங்க. கேம் பிச்சுக்கிட்டுப் போகும்."

"நான் கேம் ஆடப் போறேன்னு யாருங்க சொன்னது?" என்றேன். "ரெண்டும் போட்ட மெஷின் அங்க ஓடிட்டுதானே இருக்கு? என் வேலையை ரெண்டுலயும் ஓட்டிக் காட்டுங்க."

"அதெல்லாம் வழக்கமில்லம்மா."

"பாக்காம வாங்கறது எனக்கும் வழக்கமில்ல."

"ஏய், குரலைக் குறை" என்றார் சித்தப்பா. அதற்குள் நான் இரண்டு மெஷினிலும் மாறி மாறிப் பென் டிரைவைச் செருகி வேலையை ஏற்றிவிட்டேன். சாஃப்ட்வேரும் அதிலேயே இருந்தது.

இரண்டு திரைகளிலும் ஆஸ்பத்திரி வரவேற்பறை கட்டம் கட்டமாக நிரம்பத் தொடங்கியது. பெரிய டப்பாவின் பிராசசர் ஓடிய திரையில் சில கட்டங்கள்தான் ஊர்ந்தன. மற்றதில் திரை முழுக்கக் கட்டங்கள் மொய்த்தன. சுவர், தரை, நாற்காலி எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின.

வாசலோரம் நின்றிருந்த அப்பா கிட்டே வந்தார். அவர் கொத்தனார். ஊர்ந்துகொண்டிருந்த திரையைக் காட்டிக் கேட்டார்: "இந்தப் பக்கம் ஆளு கம்மியா?"

"ஆமாப்பா. ஒவ்வொருத்தனும் வேகமானவன்தான். ஆனா என் வேலைக்கு ஆளுங்க கூட்டமா இறங்கணும்."

"அப்புறம் ஏன் டப்பா இத்துனூண்டு?" சித்தப்பா விடவில்லை.

"இது ரொம்ப சூடாகும் சித்தப்பா. சும்மா குடுக்கற விசிறி தாங்காது. நல்லதா தனியா வாங்கணும், அதான் டப்பாவுல வைக்கல."

"சூடு அதிகமா? அப்ப உன்ன மாதிரியேன்னு சொல்லு."

கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். தனி விசிறியைச் சித்தப்பா தூக்கிப் பார்த்தார். செங்கல் கனம். முகம் மலர்ந்தது.

"பொண்ணு கேக்கறதையே போடுங்க" என்றார் அப்பா. உடனே பில் வந்தது. நான் சொன்னபோது வராத பில். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே வீடியோ முடிந்தது. மறுநாள் கம்பெனியிலிருந்து பதில்: முதல் மாடி வரைபடங்களை அனுப்பியிருக்கிறோம், எப்போது தர முடியும்?

"வியாழக்கிழமை" என்று தட்டி அனுப்பினேன். யாரையும் கேட்கவில்லை.