மூச்சுக்கு ஒரு வசனம்

1

ஒரு மதிப்பெண் படிவத்தில் நான் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டத்திலிருந்துதான் இந்தக் கதை வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரு கல்லூரியில் அடுத்தடுத்து ஐந்து சனிக்கிழமைகள், மாலை நான்கு மணிக்கு, துறைக்கு ஒன்றாக ஐந்து மாணவர் நாடகங்கள். என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு மேசை, ஒரு தண்ணீர் பாட்டில், உதறினால் மட்டும் எழுதும் ஒரு பேனா.

ஐந்து நாடகங்களிலும் ஒரு சாவு உண்டு. யாராவது செத்தால்தான் நாடகம் கனமாக இருக்கும் என்று அந்த வயதில் எல்லோரும் நம்புகிறார்கள். அதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை. (இருக்கிறது. இருபத்திரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. இங்கே வேண்டாம்.) மூன்றாவது சனிக்கிழமைதான் கவனித்தேன்: மூன்று நாடகத்திலும் பிணமாகப் படுத்திருந்தது ஒரே பெண்.

2

தொடக்கம் ஒன்று: "சிவப்புத் திரை மெல்ல விலகியது. மேடையின் நடுவே—"

விலகவில்லை. பாதியில் சிக்கிக்கொண்டது. ஐந்து வாரமும் அதே இடத்தில் சிக்கியது. ஐந்து வாரமும் அதே ஆள் அதே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இதைச் சரிசெய்ய ஐந்து வாரம் போதாதா என்று கேட்டேன். "அஞ்சு வாரந்தானே சார், சமாளிச்சிரலாம்" என்றார்.

தொடக்கம் இரண்டு: "வேதியியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குச் சாவு என்பது வாராந்திர—"

செய்தித்தாளில் குப்பை கொட்டியவனின் புத்தி. அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: "அவளை எல்லோரும் மூச்சு என்று கூப்பிட்டார்கள்."

பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

3

அவளை எல்லோரும் மூச்சு என்று கூப்பிட்டார்கள். மூச்சு விடுவதே வெளியில் தெரியாது என்பதால் வந்த பெயர். அவள் முதலாம் ஆண்டு படித்தபோது, பிணமாகப் படுத்திருந்த ஒரு மாணவன், தாய் மாரில் அடித்துக்கொண்டு அழும் நேரம் பார்த்து மூக்கைச் சொறிந்துவிட்டான். அரங்கம் சிரித்த சிரிப்பில் நாடகம் எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் இரண்டாம் காட்சிக்கு, கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த இவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் படுக்க வைத்தார்கள். நாற்பது நிமிடம் படுத்திருந்தாள். ஓர் ஈ அவள் இமையில் உட்கார்ந்து, கன்னம் வழியாகத் தாடைக்கு நடந்து, சலித்துப்போய்ப் பறந்தது. அவள் அசையவில்லை. அன்றிலிருந்து அந்தக் கல்லூரியில் யார் செத்தாலும் அவள்தான்.

அம்மா தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு இயந்திரங்கள், சுவரோரம் பெயர்ச் சீட்டு குத்திய துணி மூட்டைகள். சனிக்கிழமை மதியமானால் கடையைப் பூட்டிவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓர இருக்கையைப் பிடித்துவிடுவாள்.

"இந்த வாரம் எப்படிச் சாகுறே?" என்று நூல் கோத்துக்கொண்டே கேட்பாள். "குத்துறாங்களா, சுடுறாங்களா, சீக்கா? முன்னாடியே சொல்லிரு. போன வாரம் பூசிவிட்ட சிவப்பு எத்தனை அலசு அலசியும் போகல. சீக்குல செத்தா எனக்குத் துணியாவது மிஞ்சும்."

மூச்சுக்கு ஒரே ஓர் ஆசை. படிப்பு முடிவதற்குள் மேடையில் ஒரு வசனம் பேச வேண்டும். ஒன்றே ஒன்று. ஐந்தாவது நாடகத்தின் இயக்குநர், தாவரவியல் மாணவன், நல்ல பையன், சத்தியம் செய்து கொடுத்தான். அவன் நாடகத்திலும் அவள் பிணம்தான். ஆனால் கடைசிக் காட்சியில் விளக்கு நீலமாகும், காலம் பின்னால் போகும், நோயாளி அம்மாவை விட்டுவிட்டு மகன் வேலைக்குக் கிளம்புவான். படுக்கையில் இருந்தபடியே அவள் சொல்ல வேண்டும்: "கதவச் சாத்திட்டுப் போ."

"இவ்வளவுதானா?" என்றாள் அம்மா. "இத நான் ஒரு நாளைக்குப் பத்து தடவ சொல்றேன். எனக்கு எவன் கைதட்டினான்?"

ஆனாலும் மூன்று வாரம் அம்மாதான் மகனாக நடித்தாள். கழுத்தில் அளவு நாடாவோடு வாசல் வரை போவாள், நிற்பாள், வசனத்துக்காகக் காத்திருப்பாள், திரும்பி வருவாள்.

"இன்னும் சத்தமா. மூணாவது வரிசைக்கு வரணும், எனக்குக் காது வேற மந்தம்."

"இப்ப கோவமா சொல்றியா, பாசமா சொல்றியா? ரெண்டுல ஒண்ணு சொல்லுடி. இப்படிச் சொன்னா நான் கதவத் தொறந்து போட்டுட்டுத்தான் போவேன்."

4

ஐந்தாவது சனிக்கிழமை, மூன்றரை மணி. ஒப்பனை அறை என்று அவர்கள் அழைக்கும் பதினேழாம் எண் வகுப்பறை. முந்தைய நான்கு நாடகங்களின் இயக்குநர்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பேசியது கணிதத் துறைக்காரன். அவன் கையில் விதிப் புத்தகம் இருந்தது. ஐந்து வாரத்தில் அதை யாரோ பிரித்துப் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

"விதி ஏழு சார். 'ஒன்றுக்கு மேற்பட்ட நாடகங்களில் இடம்பெறும் மாணவர் எதிலும் பேசக் கூடாது. மீறினால் அவர் இடம்பெற்ற நாடகங்கள் அனைத்தும் நீக்கப்படும்.' மூச்சு வாயத் திறந்தா அஞ்சும் காலி."

"ஐந்துக்கும் அவள்தானா கிடைத்தாள்? வேறு யாரையாவது படுக்க வைத்திருக்கலாமே?"

"படுக்க யார் வேணாலும் படுப்பாங்க சார். செத்திருக்கணும்ல?"

தாவரவியல் பையன் கெஞ்சினான். "சார், நான் வாக்குக் குடுத்திருக்கேன். மூணே வார்த்தை சார்."

"மூணோ முன்னூறோ, பேச்சு பேச்சுதான்டா" என்றான் கணிதம்.

விதி ஏழில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை எழுதியவன் நான்.*

* இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே கல்லூரியில், நாடகக் குழுச் செயலாளராக இருந்தபோது. கணீர்க் குரல்காரன் ஒருவன் எல்லா நாடகங்களையும் விழுங்கிக்கொண்டிருந்தான். அவன் வாயை அடைக்க எழுதினேன். எழுதி முடித்து, ஒரு சொல்கூட மிகையில்லை என்று பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. அந்தக் குரல்காரன் இன்று எங்கோ உரம் விற்கிறான்.

"வசனத்தை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

மூச்சு கண்ணாடி முன்னால், முகமெல்லாம் வெள்ளைப் பவுடரோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று அவர்களில் ஒருவனும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

5

இங்கே நின்று இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எரிச்சலாக வந்தது. அம்மா பேசுகிறாள், கணிதம் பேசுகிறான், ஏணிக்காரர்கூடப் பேசிவிட்டார். மூச்சுக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஐந்து இயக்குநர்கள் அவளுக்குச் செய்ததையே ஆறாவதாக நானும் செய்திருக்கிறேன். சேர்க்க முயன்றேன்: "அவள் மெதுவாக, 'பரவாயில்ல சார்' என்று—" சொல்லவில்லை. பரவாயில்லை என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், அவ்வளவே.

முடிவுகளையாவது பார்ப்போம்.

(அ) தடையை மீறி அவள் வசனத்தைச் சொல்கிறாள். அரங்கம் எழுந்து நிற்கிறது. ஐந்து நாடகங்களும் நீக்கப்பட, ஐந்து துறைகளும் அவளைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகின்றன. தோற்றுப்போன அறுபது மாணவர்களை நீங்கள் நேரில் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

(ஆ) அவள் அசையாமல் கிடக்கிறாள். வீடு திரும்பியதும் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. கௌரவமான முடிவு. இப்படி நானே நான்கு கதைகளை முடித்திருக்கிறேன்; எனக்கே அலுத்துவிட்டது.

(இ) நடந்தது.

6

விளக்கு நீலமானது. மகனாக நடித்தவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, கதவருகே போய் நின்றான். வசனத்துக்காக நின்று பழகிய இடம். இன்று வசனம் வராது என்பது அவனுக்கு மறந்துவிட்டது. நிலையில் ஒரு கையை வைத்தபடி நின்றான். நின்றுகொண்டே இருந்தான். கட்டிலில் மூச்சு, மூச்சில்லாமல்.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"கதவச் சாத்திட்டுப் போ!"

காது மந்தமானவர்களுக்கே உரிய குரல். மூன்று வாரம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வரி. மகள் மறந்துவிட்டாள் என்று நினைத்து அம்மா எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மேடையில் நின்றவன் வெலவெலத்துப்போய், கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். அந்த ஐந்து வாரத்தில் மேடையில் ஒரு கதவு ஒழுங்காகச் சாத்தப்பட்டது அப்போதுதான்.

பிறகு போர்வை ஆடியது. முதலில் வயிற்றருகே, லேசாக. அப்புறம் தோள். அப்புறம் மூச்சு வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று வருடம் அடக்கி வைத்த மொத்தக் காற்றும் வெளியே வந்தது போல, நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வழிய, பவுடரில் கோடு விழச் சிரித்தாள். அரங்கம் கைதட்டியது. திரையை மூடினார்கள். பாதியில் சிக்கிக்கொண்டது.

7

என் மேசையைச் சுற்றி ஐந்து இயக்குநர்கள்.

"சிரிப்பு பேச்சில்ல சார்! ஒரு வார்த்தை இருக்கா அதுல?" என்றான் கணிதம்.

"பேசினது அவ அம்மா சார். அவங்க எந்த நாடகத்துலயும் இல்ல" என்றான் தாவரவியல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். "சார், எம்பொண்ணு மறக்கல சார். முதல் தடவ பேசுறா இல்ல, தொண்ட அடைச்சிருச்சு. நான்தான் அவசரப்பட்டுட்டேன். அவ பேசினதா எழுதிக்குங்க சார்."

வசனம் வெட்டப்பட்டதை யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவின் பின்னால் மூச்சு வந்து நின்றாள், போர்வையைத் தோளில் சுற்றியபடி. அம்மாவைப் பார்த்தாள். படிவத்தைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதை இங்கே எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அது என் வாக்கியமாகவே வந்து விழுந்தது: அளவாக, ஒரு சொல்கூட மிகையில்லாமல், விதி ஏழைப் போல. மூன்றையும் அடித்துவிட்டேன்.

முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஒரு வாரமாகக் கல்லூரியிலிருந்து தொலைபேசி அடிக்கிறது. படிவத்தில் விதி ஏழுக்கான கட்டத்தை நான் இன்னும் நிரப்பவில்லை. "ஆம்" என்று போட்டால் ஐந்து நாடகங்களும் போகும். அவள் பேசினாள் என்பது மட்டும் நிற்கும். "இல்லை" என்று போட்டால் ஐந்தும் பிழைக்கும். மூன்று ஆண்டுகளில் அவள் வாயே திறக்கவில்லை என்று என் கையெழுத்தோடு பதிவாகும். அந்தக் கட்டத்தை அப்படியே கீழே எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு மேலே, படிவத்தில் இல்லாத ஒரு வரிக்கும் இடம் விட்டிருக்கிறேன். முதலில் அந்த வரி. பிறகு கட்டம்.

மூச்சு: "........................................"

மேடையில் பேசினாரா?   ஆம் [  ]   இல்லை [  ]

பேனாவைக் கொஞ்சம் உதறுங்கள், எழுதும்.