மேடத்துக்குப் பசியில்லை

"குட்டியா ஒண்ணு வாங்கலாமே. எதுக்கு இன்னொருத்தர் வளர்த்த நாய்?"

"குட்டின்னா ஒண்ணொண்ணா சொல்லிக் குடுக்கணும். இதுக்கு எல்லாம் தெரியும். உக்காருன்னா உக்காரும், வான்னா வரும்."

"வேற ஒருத்தர்கிட்ட மனசைக் குடுத்துட்டு வர்றது நம்மகிட்ட ஒட்டுமா?"

"நாய்க்கு என்ன தெரியும்? யார் தட்டு வைக்கிறாங்களோ அவங்க பின்னாடி வாலாட்டிக்கிட்டு வரும். வேணும்னா நீயே வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. தட்டு வைத்தது நான், வாலாட்டல் போனது என் வீட்டுக்காரருக்கு. அன்று அவர் அத்தனை நம்பிக்கையோடு சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

என் வீட்டுக்காரருக்குப் பேக்கரியில் அடுப்பு வேலை. விடியும் முன்பே போய்விடுவார், மதியம் திரும்புவார், இருட்டியதும் கண் சொருகும். நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களை ஃப்ரேமுக்கு ஏற்றபடி வெட்டி, ஓரம் தேய்த்துப் பொருத்துகிறவள். கடை மூடி நான் வீடு வரும்போது அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். அதற்குமேல் எங்களுக்கென்று மிஞ்சுவது கொட்டாவிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம்.

பேக்கரிக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்குக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போகிற இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை. அப்படித்தான் அது எங்களிடம் வந்தது. காவி நிறம், ஒரு காது மடங்கியது, நடு வயது. கூடவே ஒரு பழைய பாய், ஓரம் நசுங்கிய கிண்ணம், மாற்ற முடியாத ஒரு பெயர். மேடம்.

"வீட்டுல ஒரு மேடம் போதாதா?" என்றேன்.

"உன்னை நான் எப்பவாவது மேடம்னு கூப்பிட்டிருக்கேனா?" என்றார். அதுவும் சரிதான். கூப்பிட்டதில்லை.

சாயங்காலம் படியேறும்போதே அவர் பேச்சு கேட்கும். "கேளு மேடம், இன்னைக்கு ரெண்டு தட்டு பன் கருகிப் போச்சு. முதலாளி குதிச்ச குதியில அவர் தொப்பியே மாவுக்குள்ள விழுந்துடுச்சு!" நான் கதவைத் திறந்து உள்ளே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்பேன்.

"ஒண்ணுமில்லை" என்பார்.

கதையெல்லாம் நாய்க்கு. எனக்கு ஒண்ணுமில்லை.

காலைச் சாப்பாடு மட்டும் என் பொறுப்பு. முட்டை அவித்து, ரொட்டியைப் பிய்த்துப் போட்டு வைப்பேன். மேடம் வந்து மோந்து பார்க்கும். என் முகத்தைப் பார்க்கும். பிறகு போய்ப் பாயில் படுத்துவிடும். நான் அடுப்பருகே நின்றபடியே டீயைக் குடித்துவிட்டு ஓடுவேன். அதே கிண்ணத்தை மதியம் அவர் வந்ததும் பளபளவென்று நக்கி வைத்திருக்கும். கோழி வேக வைத்தேன், சூப் ஊற்றினேன், புதுக் கிண்ணம் வாங்கினேன். எல்லாவற்றையும் மோந்து பார்த்தது, அவ்வளவுதான்.

"பொறாமையா?" என்று ஒரு நாள் சிரித்தார்.

"ஒரு நாய் மேல எனக்கென்ன பொறாமை!"

அன்று கடையில் ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்துப் பாழாக்கினேன். கவுண்டரில் இருக்கும் அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, வீட்டுல சக்களத்தி சௌக்கியமா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தங்கைக்கு உதவ அவர் கிளம்பிப் போனார். போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். முதல் கேள்வியே, "மேடம் சாப்பிட்டுச்சா?"

நான் சாப்பிட்டேனா என்று ஒரு வார்த்தை இல்லை. "ஓ, நல்லா சாப்பிட்டுச்சு. என் மடியிலதான் படுத்திருக்கு" என்றேன். மேடம் கதவோரம் படுத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாளும் கிண்ணம் அப்படியே இருந்தது. எனக்குப் பயம் பிடித்தது. அவர் வரும்போது இது எலும்பும் தோலுமாக நிற்கும். நான் சொன்ன பொய் தெரியும். அதைவிட, அவர் இல்லாமல் இது சாப்பிடாது என்பது தெரியும். அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"மேடம் சாப்பிட மாட்டேங்குதுங்க."

"அய்யோ, அப்படியா?" என்றார். அய்யோவில் துளி வருத்தம் இல்லை. "என்னைத் தேடுது போல. பாசக்காரி."

"உங்களை இல்லைங்க. என் வீட்டுக்காரர் ஊர்ல இல்லை. அவர் இருந்தா கிண்ணத்தையும் சேர்த்துத் தின்னுடும்."

"ஓஹோ."

அந்த ஓஹோவில் புகைந்தது என்னவென்று எனக்கா தெரியாது? தினமும் நான் வளர்ப்பதுதானே. அந்த மெக்கானிக் மேல் சட்டென்று ஒரு பிரியம் வந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நானா? நான் எப்பவோ... அதை விடுங்க, நாய்க்கு என்ன பண்றது?"

"அதைத்தான் கேக்கறேன். அது தனியாச் சாப்பிடாது. கெடுத்து வச்சது நான்தான். ரூம்ல நான் ஒத்தை ஆளு. என் தட்டையும் தரையில வச்சுக்கிட்டு அது பக்கத்துல உக்காந்துடுவேன். நான் முதல் வாய் வச்சாத்தான் அது வாய் வைக்கும். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே!"

போனை வைத்துவிட்டு ஒரு தட்டில் ரொட்டியும் முட்டையும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்தேன். மேடம் தலையைத் தூக்கியது. இரண்டாவது வாய்க்குள் என் முழங்காலை உரசியபடி கிண்ணத்தில் முகத்தைப் புதைத்திருந்தது. அது மெல்லுகிற சத்தம் வீடெல்லாம் கேட்டது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இத்தனை நாளும் அவர் இதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். இது தனியாகச் சாப்பிடாது என்பதற்காக. விடுமுறை நாட்களில் அதைப் பார்த்தும், கொஞ்சல் என்றுதான் நினைத்திருந்தேன்.

கல்யாணமான புதிதில் எனக்காகப் பசியோடு உட்கார்ந்திருப்பார். கடையில் வேலை கூடிப்போய் நேரமானபோது, "காத்திருக்காதீங்க, சாப்பிட்டுடுங்க" என்றேன். பாவம், அடுப்புச் சூட்டில் வெந்துவிட்டு வருகிற மனிதர் என்று சொன்னது. மறுநாளே சாப்பிட்டுவிட்டார். ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்காமல் இருப்பார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதெல்லாம் அடுப்பருகே நின்றுகொண்டுதான்.

இந்த நாய்க்குத் தனக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிந்திருந்தது. மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்ததே, அதுதான் அது கேட்ட விதம். நான் பேசத் தெரிந்தவள். தட்டை வழித்துத் தின்றுவிட்டு, எனக்கு ஒரு குறையும் இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தேன்.

என் விடுமுறை நாளன்று மதியம் அவர் திரும்பி வந்தார். மேடம் அவர் மேல் ஏறிக் குதித்து, கழுத்தெல்லாம் நக்கித் தீர்த்தது. அவர் கை கழுவிவிட்டுத் தட்டோடு தரையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார், மேடமும் கிண்ணத்தில் வாய் வைத்தது.

"நீ சாப்பிட்டியா?"

"அப்புறம்" என்றேன் பழக்கத்தில். பிறகு, "அது தனியாச் சாப்பிடாதுன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொல்லலையா? நல்லா சாப்பிட்டுச்சுன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேன். ரெண்டு நாள் பட்டினி கிடந்துச்சு. அந்த லிஃப்ட்காரர்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுது."

அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "அடிப்பாவி, நாய் மேல போய் இவ்வளவு கோபமா?"

"நாய் மேல இல்லை."

"பின்ன?"

மேடம் மெல்லுவதை நிறுத்தியது. அவரும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"காத்திருக்காதீங்க, சாப்பிட்டுடுங்கன்னு ஒரு தடவை சொன்னேனே, ஞாபகமிருக்கா?"

"நல்லா இருக்கு. ஒரு நாளாவது மீறியிருக்கேனா?" முகத்தில் அத்தனை பெருமை.

அந்தப் பெருமையைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"மதியம் இதுக்குத் துணையா ஒரு வாய் ரொட்டி தின்னுக்கோங்க. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்காகக் காத்திருங்க. எவ்வளவு நேரமானாலும், பசிச்சாலும், நான் வேண்டாம்னே சொன்னாலும் காத்திருங்க. எனக்கு உங்ககூட உக்காந்து சாப்பிடணும்."