டெஸ்டுக்கு மட்டும் வேகம்

அச்சகத்தின் நெட்வொர்க்கைக் கட்டி மேய்ப்பவள் முதலாளியின் மருமகள். நெட் மந்தம் என்று அதிகம் புலம்புகிறவன் முதலாளியின் மகன், அதாவது அவளைக் கட்டிக்கொண்டவன். அட்டைப்பெட்டிகளுக்குப் படம் வடிவமைப்பது அவன் வேலை. ஒரு படம் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்வதற்குள் தலை நரைத்துவிடும் என்று ஆபீசில் ஆரம்பிப்பான். ராத்திரிச் சாப்பாட்டிலும் அதே பாட்டுதான். வீட்டு நெட்டைப் பற்றி மட்டும் கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. இத்தனை பேருக்கு ஒரு லைன் போதாது, இன்னொன்று வேண்டும் என்று மாமனாரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பார்க்கலாம்மா என்பார். பார்க்கவே மாட்டார்.

ஒரு நாள் பொறுமை போயிற்று. ஆபீஸ் நெட் முழுக்க வந்து போகிற வாசலாக நிற்கிற ஃபயர்வால் பெட்டிக்குள் நுழைந்து கமுக்கமாக ஒரு விதி எழுதி வைத்தாள். யாராவது ஸ்பீடு டெஸ்ட் போட்டால், அது முடிகிறவரை மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். மந்திரி கார் போகும்போது தெருவை மறிப்பார்களே, அந்த மாதிரி. கார் போனதும் பழைய நெரிசல்தான்.

மறுநாள் புருஷன் போனில் டெஸ்ட் போட்டான். எப்போதும் பத்தைத் தாண்டாத எண் தொண்ணூறு காட்டியது. புலம்பல் நின்றது, அவளுக்கு ஒரே குஷி. ஆனால் அவன் அதோடு விடவில்லை. நெட் பறக்கிறது, படம் மட்டும் நகரவில்லை என்றால் தன் கம்ப்யூட்டர்தான் கிழடு என்று முடிவுகட்டி, அப்பாவிடம் புதுசு கேட்டான். அவரும் சரி என்றுவிட்டார். இந்த வருஷத்துக்கு இதோடு சரி, லைன் கீன் என்று யாரும் வரக்கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

தன் லைனுக்குத் தானே கொள்ளி வைத்துவிட்டோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் லைன் போகும். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஃபயர்வாலே தனக்கு டெஸ்ட் போட்டுக்கொண்டால் அந்த விதி அதற்குச் செல்லாது, யாரும் வழிவிட மாட்டார்கள். கூட்டத்தோடு நின்று உள்ளதைச் சொல்லும். போனில் வரும் எண்ணை நம்பாதீர்கள், லைன் வந்து இறங்குகிற பெட்டியிலேயே பார்ப்போம் என்று அப்பாவையும் பிள்ளையையும் கூட்டிப்போனாள். பெட்டி எட்டு காட்டியது. அவள் ஜெயித்த மாதிரி நிமிர்ந்தாள்.

மாமனார் தன் போனை எடுத்து டெஸ்ட் போட்டார். தொண்ணூறு.

"தொட்டியில எட்டு குடம்தான் இருக்கு. குழாயில தொண்ணூறு குடம் கொட்டுதே, எப்படிம்மா?"

மெஷின்களோடு மல்லுக்கட்டியே வளர்ந்த மனுஷன் என்பதை அவள் மறந்திருந்தாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கக்கினாள். புருஷனுக்குக் காது சிவந்தது. மாமனார் முதலில் முறைத்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கம்ப்யூட்டர் வேண்டாம், லைனுக்கே சொல்லிவிடு, ஆனால் அந்தத் திருட்டு விதியை என் கண் முன்னால் அழி என்றார். அழித்தாள்.

புருஷன் உடனே மறுபடி டெஸ்ட் போட்டான். எண் ஒன்பதில் படுத்துக்கொண்டது. போனும் கையுமாக அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப நம்ம வீட்டு வைஃபைல காட்டுறது?"

லைன்காரர்களுக்குப் போன் பண்ண நேரமாச்சு என்று அவள் வேகமாக வெளியே போனாள்.