மாதம் ஒரு ஃபில்டர்

“ஏர்கோனுக்கு எந்த ஃபில்டர் கொண்டாரச் சொல்லியிருக்க?”

“மூணு மாசம் தாங்குறது. மடிப்பு மடிப்பா இருக்குமே, அது.”

“அதெல்லாம் வேணாம். மெல்லிசே போதும்.”

“மெல்லிசு ஒரே மாசத்துல கறுத்துப் போவுதுப்பா. தூசியும் பாதிதான் நிக்குது.”

“கறுத்தா மாத்து. மாசாமாசம் ஒரு மனுசன் வீட்டுக்கு வந்துட்டுப் போனா நமக்கு என்னா கொறஞ்சு போச்சு?”

“ஃபில்டர் மாத்துறதுக்கா ஒரு மனுசன் வரணும்?”

“நீ மனுசனக் கூப்பிட மாட்டேங்கிற. அதான் நான் ஃபில்டரக் கூப்பிடுறேன்.”

போன மாதம் நடந்த இந்தப் பேச்சு, பெட்டிக்குள் படுத்திருந்த அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்யும்போது லோகேஸ்வரிக்கு நினைவு வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், பாவம் அழுகிறாள் என்று உச்சுக்கொட்டினார்கள். நவமணி அத்தை அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அத்தைக்கு மட்டும் அது அழுகை இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். தடவிக்கொண்டிருந்த கை லேசாக ஒரு கிள்ளு கிள்ளியது.

பக்கிரிசாமிக்கு எண்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கீழே நிற்பவனுக்குக் கேட்கவேண்டுமென்று உயரத்திலிருந்து கத்தியே பழகியதால், வீட்டில் ரகசியம் பேசினாலும் ஆயர் ஈத்தாம் சந்தைவரை கேட்கும். நேற்றுக் காலை இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவதற்குச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். லோகேஸ்வரி தோசையோடு வந்தபோது அவர் போயிருந்தார். தோசை அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

“நோய் இல்ல, நொடி இல்ல, பசியோடகூடப் போகல. குடுத்து வச்சவரு,” என்று வருகிற ஒவ்வொருவரிடமும் அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் பழைய கூட்டாளிகள் வாசல் பந்தலில் உட்கார்ந்து அவருடைய கதைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ரொஸ்னா பெரிய பானையில் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தாள். அரைகுறைத் தமிழ்தான் தெரியும் என்பதால் அவளுக்குக் கதை பாதிதான் புரிந்தது.

வீட்டுக்குள்தான் வெக்கை தாங்கவில்லை.

அதற்குக் காரணம் தம்பி மோகனராஜ். ஆறு வருடங்களுக்கு முன் வீட்டைப் புதுப்பித்தபோது, கூரைக்கு மேலே ஒரே இயந்திரம், அதிலிருந்து எல்லா அறைக்கும் குளிர்காற்று என்று ஏர்கோன் வைத்தவன் அவன்தான். அப்பாவின் பிறந்தநாளுக்குத் தரலாமென்று ஒரு ஃபில்டர் வாங்கி வைத்திருந்தான். ஆஸ்பத்திரிகளில் போடுகிற ரகம், கையில் எடுத்தால் தலையணை மாதிரி கனமாக இருந்தது. நேற்றுச் செய்தி கேட்டுக் கோலாலம்பூரிலிருந்து ஓடிவந்தபோது அதையும் காரில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். இன்று விடிந்ததும் மேசைமேல் ஏறி, கூடத்து மேற்கூரையில் இருந்த கம்பித் தட்டியைத் திறந்து, தானே அதை மாட்டினான்.

“அப்பாவுக்குன்னு வாங்குனது, அக்கா,” என்றான், கீழே இறங்கி மூக்கை உறிஞ்சியபடி. “இன்னிக்கு ஒரு நாளாச்சும் அவர் நல்ல காத்துல இருக்கட்டும்.”

லோகேஸ்வரி தம்பியின் தலைமுடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். அப்போதுதான் அவன் அந்த விஷயத்தையும் சொன்னான்.

“நீ தனியா இங்க இருந்து என்னாக்கா பண்ணப் போற? எங்களோட கே.எல். வந்துடு. இந்த வீட்டப் பூட்டிடலாம்.”

நல்ல மனதோடுதான் சொன்னான். நாற்பத்துநான்கு வயது அக்காவைத் தனியே விட்டுப்போக எந்தத் தம்பிக்கு மனம் வரும்? பத்து காவான் என்கிற ஊரின் தொழிற்சாலையில் அவள் பார்க்கிற வேலையைப் போல் அங்கேயும் கிடைக்கும். போகாமல் இருக்க ஊர் ஒப்புக்கொள்ளும்படியான காரணம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. இருந்த ஒரே காரணம் மாதத்துக்கு ஒருமுறை ஏணியோடு வந்து, அரை மணி நேரம் இருந்து, ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போகிற காரணம்.

கோகிலனுக்குச் சந்தைக்குப் பக்கத்தில் ஏர்கோன் கடை. மனைவி இறந்து பல வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஆறு வருடமாக வருகிறார். அப்பாவோடு ஃபில்டரைப் பற்றி வாக்குவாதம் செய்வார், தோற்பார், மெல்லிசையே மாட்டிவிட்டுப் போவார். கடைக்காரர், வண்டிக்காரர், யாராக இருந்தாலும் வாய் நிறைய ‘அண்ணே’ என்று கூப்பிடுகிற லோகேஸ்வரி, இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு எப்படியும் கூப்பிட்டதுமில்லை. “கோப்பி வச்சிருக்கேன்,” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவரும், “இருக்கட்டும்,” என்று ஏணியைப் பார்த்துச் சொல்வார்.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ மாதம் நினைத்திருக்கிறாள். கேட்டு அவர் இல்லையென்று சொல்லிவிட்டால்? அப்புறம் அந்த அரை மணி நேரமும் போய்விடும்.

மாலையும் கையுமாக அவர் படியேறி வந்தபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேரும் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டு வேட்டி கட்டியிருந்தார். லோகேஸ்வரி அவரை வேட்டியில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. மாலையை அப்பாவின் மார்பில் வைத்துவிட்டு நீண்ட நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவரின் பார்வை, பழக்கதோஷத்தில் நேராகக் கூரைக்குப் போனது.

அந்த நேரம் பார்த்து, கம்பித் தட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. சரியாக முனுசாமி மாமாவின் வழுக்கைத் தலையில்.

அப்பாவோடு கிரேனில் வேலை செய்தவர் முனுசாமி. தலையைத் தடவிப் பார்த்தார், மேலே பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார். “டேய் பக்கிரி, போற நேரத்துலயும் என்னை விடமாட்டியாடா?”

இரண்டாவது சொட்டும் அவர்மேலேயே விழுந்தது. கூடம் முழுக்கச் சிரிப்பு. அழுது முகம் வீங்கியிருந்த மோகனராஜ்கூடச் சிரித்துவிட்டான்.

“யாரு ஃபில்டர மாத்துனது?” என்று மெல்லக் கேட்டார் கோகிலன்.

“நான்தாண்ணே. இருக்கிறதுலயே ஒசத்தி.”

“ஒசத்திதான் தம்பி. ஆனா மிசினு காத்த இழுக்கணும்லா. இழுக்க முடியாம உள்ள ஐஸ் கட்டிப் போச்சு. அதான் ஒழுகுது.”

நவமணி அத்தைக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. “பேசிக்கிட்டே நிக்காதீங்க. ஏறுங்க மேல. எங்கண்ணன் வேர்த்துப்போயிக் கெடக்காரு.”

கோகிலன் ஏணி கொண்டுவரவில்லை. மேசைமேல் ஒரு நாற்காலி போட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நாற்காலி ஆடியது. கூடத்தில் ஆண்கள் நிறைய பேர் இருந்தார்கள். ஆனால் யாரும் எழுவதற்கு முன்னால் லோகேஸ்வரி போய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து பார்த்தார். கனத்த ஃபில்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். குளிரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டதும், சுவரோரத்துத் துவாரங்களின் வழியே காற்று புஸ்ஸென்று இறங்கியது. அப்பாவின் நெற்றியில் இருந்த நரைமுடி ஒன்று அசைந்தது.

“ஐஸ் கரையணும். வெறுமனே ரொம்ப நேரம் விடக்கூடாது, சாம்பிராணிப் புகையெல்லாம் உள்ள போயிடும். சாயங்காலம் வேற ஃபில்டர் கொண்டாந்து மாட்டுறேன்,” என்றார் கோகிலன், யாரையும் பார்க்காமல்.

அப்பாவைத் தூக்கும்போது லோகேஸ்வரி அழுதாள். சத்தமாக, வெட்கப்படாமல், அவருடைய மகள்தான் என்று தெரிகிற மாதிரி அழுதாள். பெட்டியின் ஒரு முனையைக் கோகிலன் பிடித்திருந்தார்.

சாயங்காலம் வீடு கழுவி விடப்பட்டிருந்தது. பெட்டி இருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. மயானத்திலிருந்து திரும்பிய ஆண்கள் கால் கழுவிக்கொண்டு விளக்கைப் பார்த்துவிட்டு, ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். கோகிலன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஏணியோடும் மூன்று ஃபில்டரோடும் வந்தார்.

மோகனராஜ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். “எதுண்ணே சரியானது? நம்பர் கூடினாத்தானே நல்லது?”

“நம்பர் கூடினா ஓட்டை சின்னதாயிடும். ஆஸ்பத்திரியில அதுக்கேத்த பெரிய மோட்டார் இருக்கும், தாங்கும். நம்ம வீட்டு மிசினுக்கு இந்த நடு ரகம்தான் தம்பி. மடிப்பு வச்சிருக்கிறதால தூசியும் நிக்கும், காத்தும் தடையாவாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தினாப் போதும்.”

“அப்புறம் ஏன் ஆறு வருசமா அந்த மெல்லிச மாட்டி மாசாமாசம் மாத்துனீங்க?”

கோகிலன் ஏணியின் கால்களைச் சரிபார்க்க ஆரம்பித்தார். ஏணி ஏற்கெனவே சரியாகத்தான் நின்றது.

“மொத வருசமே ஐயாகிட்ட சொன்னேன்,” என்றார் கடைசியில். “ ‘சரியானது எதுன்னு உனக்குத் தெரியும், வேண்டியது எதுன்னு எனக்குத் தெரியும்’னாரு. அதுக்கப்புறம் நானும்... அழுத்திச் சொல்லல.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மோகனராஜுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. “சரி, எப்படியும் வீட்டப் பூட்டத்தான போறோம். பூட்டுற வீட்டுக்கு எதை மாட்டுறது?”

“கழுவிப் போடுற வலை இது. கிழியாது.” மூன்றாவதைத் தூக்கிக் காட்டினார் கோகிலன். “இத மாட்டிட்டா வருசக்கணக்கா யாரும் வரத் தேவையில்ல.”

“டேய் மோகன்,” என்றாள் அத்தை, “பந்தல்காரன் வந்துட்டான், வா.”

“எங்கத்தே? காணோமே?”

“வருவான், வா!” அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் விளக்கும் அவர்கள் இருவரும்தான் இருந்தார்கள். இந்தத் தடவை அவர் ஏணியைப் பார்க்கவில்லை.

“எதை மாட்டட்டும்?”

“சரியானது எதுன்னு சொன்னீங்க?”

“மடிப்பு வச்சது.”

“அதையே மாட்டுங்க.”

அவர் முகம் ஒரு நொடி வாடியதை அவள் பார்த்தாள். மூன்று மாதம். அவரும் அதைத்தான் எண்ணியிருப்பார் என்று நினைத்தபோது, வருடக்கணக்கான பயத்தில் பாதி அங்கேயே உதிர்ந்துபோனது. அவர் மெதுவாக ஏறினார், மெதுவாக மாட்டினார். ஒரு திருகாணிக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வதை அவள் பார்த்ததே இல்லை. ஏர்கோன் ஓட ஆரம்பித்தது. மெத்தென்று, சத்தமில்லாமல் குளிர் இறங்கியது.

ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவர், எப்போதும் திரும்புகிற இடத்தில் திரும்பினார். ஆறு வருடமாக அந்த இடத்தில் நின்று, “அடுத்த மாசம் வரேன்,” என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு லோகேஸ்வரி ஒரு மாதம் ஓட்டிவிடுவாள். இன்று அவர் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. சாவு வீட்டில் ‘வரேன்’ என்று யாரும் சொல்வதில்லை. இன்று வந்துபோன எவரும் சொல்லவில்லை. அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினார்.

முறை அதுதான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வார்த்தை இல்லாமல் அந்த முதுகு நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஈரத் தரையில் வெறுங்காலோடு வெளியே வந்தாள். பந்தலின் கோடியில் அத்தை மோகனராஜை ஒரு நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்திருந்தாள்.

“கோகிலன்.”

அவர் சட்டென்று நின்றார். ஏணி வாசல் கேட்டில் இடித்து ‘டங்’ என்றது. மோகனராஜ் திரும்பிப் பார்த்தான். ரொஸ்னா வீட்டுச் சன்னல் திறந்தது. லோகேஸ்வரி குரலைத் தாழ்த்தவில்லை.

“நான் கே.எல். போகப் போறதில்ல. இந்த வீட்டப் பூட்டவும் மாட்டேன்.”

“ம்.”

“ஃபில்டர் இனிமே மூணு மாசத்துக்கு ஒருக்காதான். அதுக்காக நீங்க மாசாமாசம் வரவேணாம்.”

அவர் ஏணியைக் கீழே வைத்தார்.

“பதினாறு முடியட்டும்,” என்றாள். “முடிஞ்சதும் என்னைக் கட்டிக்கங்க.”