சி ஷிப்ட் தூங்குகிறது

எங்கள் இசைக்குழுவின் பெயர் ஜெனரல் ஷிப்ட். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அந்தப் பகல்நேர ஷிப்ட் ஒருநாளும் கிடைத்ததில்லை என்ற வயிற்றெரிச்சலில் வைத்த பெயர். நான் கோவிந்த், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவன். கிடார் என்னுடையது, கோபமும் என்னுடையது. அதே கம்பெனியில் பிரஸ் மெஷினில் நிற்கும் பேச்சிராஜ் டிரம்ஸ். பாடுவது முத்துச்செல்வி. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, அவர்களுடைய பெண்கள் ஹாஸ்டலில் வாசம்.

நாங்கள் வாசிப்பது பாப்-பங்க். கிடாரும் டிரம்ஸும் தலைதெறிக்க ஓடும். அதன் மேலே தெருவில் போகிறவரும் முணுமுணுக்கிற மாதிரி ஒரு மெட்டு இருக்கும். முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு. எங்கள் வீட்டில் பதிவு செய்ய முடியாது. அப்பா கோயில் கைங்கரியத்துக்காக மூன்றரைக்கே எழுகிறவர். பிள்ளைப்பாக்கத்தில் மனை விற்காமல் பூட்டிக்கிடந்த ஒரு ரியல் எஸ்டேட் ஆபீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். முத்துச்செல்வியை அங்கே அழைத்துவர வழியில்லை. ஞாயிறு தவிர வேறு நாளில் வார்டன் வெளியே விடமாட்டார், ஞாயிறென்றால் எங்கள் இருவருக்கும் பெரும்பாலும் ஓவர்டைம். எங்கள் இசையைக் காதில் கேட்டபடி அறையிலேயே பாடி, போனில் பதிந்து அனுப்பினாள்.

அந்த அறையில் பத்துப் பேர். அவர்களில் பாதிப் பேர் சி ஷிப்ட், அதாவது இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: ‘சி ஷிப்ட் தூங்குகிறது. சத்தம் கூடாது.’ முத்துச்செல்வி போர்வையைத் தலையோடு இழுத்துவிட்டுக்கொண்டு மூச்சளவுக் குரலில் பாடுவாள். முதல் பாட்டுக்கே பக்கத்துக் கட்டிலில் தூங்கும் சி ஷிப்ட் தங்கமாரி வார்டனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அதன்பிறகு குரல் இன்னும் இறங்கிவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தொண்டை கிழியப் பாட வேண்டியதைத் தாலாட்டாக்கி வைத்திருக்கிறாளே என்று பேச்சிராஜிடம் புலம்புவேன். இதெல்லாம் மாதிரிக்குத்தான், கடைசியில் நல்ல ஸ்டுடியோவில் முழுக்குரலில் பாடிவிடலாம் என்று அவளிடம் சொல்லிவைத்தேன்.

அந்தக் கடைசி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது. அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தத்தைக் கம்பெனி நீட்டவில்லை. சனிக்கிழமையோடு வேலை முடிகிறது, ஞாயிறு மாலை சங்கரன்கோவிலுக்குக் கிளம்புகிறாள். ஞாயிறு காலை குன்றத்தூரில் ஒரு ஸ்டுடியோவை மூன்று மணி நேரத்துக்குப் பிடித்தேன். அதை விட்டால் அவளுடைய முழுக்குரல் எங்கள் ஆல்பத்தில் வரவே வராது.

அங்கே சுவரெல்லாம் பஞ்சு, இடித்தாலும் வெளியே கேட்காத கதவு. நன்றாகத்தான் தொடங்கினாள். ஆனால் மெட்டு மேலே ஏறும் இடத்திலெல்லாம் பக்கத்தில் கட்டில் கிடப்பதுபோல அவள் கண் ஒருமுறை அந்தப்பக்கம் போகும், குரல் தானாகத் தணியும். கத்திப் பார்த்தாள், சுருதி போயிற்று. இரண்டு மணி நேரம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“இங்க இன்னா ஹாஸ்டலா? யாரு தூங்கறா இங்க? கத்தேன் செல்வி.”

அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். “ரெண்டு வருசமா இப்படித்தான பாடுதேன் கோவிந்தண்ணே. கத்துனா வேற யாரோ பாடுத மாரி இருக்கு.”

பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் வாயை ஊசி நூல் கொண்டு தைத்தால் தேவலை என்றிருந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. போர்வைக்குள் பாடியதையாவது போட்டுக் கேட்போம் என்றான் பேச்சிராஜ். கிடாரையும் டிரம்ஸையும் நிறுத்திவிட்டு அவள் குரலை மட்டும் வைத்தோம். நான் அதுவரை அப்படிக் கேட்டதே இல்லை, எனக்கு என் கிடாரும் சேர்ந்து கேட்க வேண்டும். ஃபேன் சத்தம், யாரோ புரண்டு படுக்கும் சத்தம், நடுவில் அவள். அவ்வளவு நன்றாக இருந்தது. எட்டாவது பாட்டில் பல்லவி இரண்டாம் முறை வந்தபோது அவள் குரலுக்கு அடியில், பக்கத்துக் கட்டில் தூரத்திலிருந்து, இன்னொரு குரல் கேட்டது. தூக்கக் கலக்கம், சுருதி கொஞ்சம் தள்ளி, ஆனால் ஒரு சொல் பிசகவில்லை. பேச்சிராஜ் திரும்பப் போட்டான்.

மாலையில் ஒரகடம் கூட்டுரோட்டில், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸுக்காக முத்துச்செல்வி பெட்டியோடு நின்றாள். வழியனுப்ப வந்திருந்தது தங்கமாரி. காலையில் பேசியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் இயர்போனின் ஒரு பக்கத்தை முத்துச்செல்விக்கும் மறுபக்கத்தைத் தங்கமாரிக்கும் கொடுத்து எட்டாவது பாட்டைப் போட்டேன். பல்லவி வந்ததும் முத்துச்செல்வி மெல்லத் திரும்பித் தங்கமாரியைப் பார்த்தாள்.

தங்கமாரிக்கு முகமே மாறிவிட்டது. வார்டனிடம் சொன்னது அந்த ஒரே தடவைதான் என்றாள். அப்புறம் பழகிவிட்டதாம்.

“நாளைக்கும் வேலை முடிஞ்சு வந்து படுப்பேன்லா,” என்று முத்துச்செல்வியின் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். “என்னத்தக் கேட்டுட்டுத் தூங்க?”

முத்துச்செல்வி அப்போதுதான் அழுதாள். நானும்தான், மறைப்பானேன்.

பஸ் போனதும் பேச்சிராஜும் நானும் நேராகப் பிள்ளைப்பாக்கம் போனோம். எட்டுப் பாட்டிலும் என் கிடாரைக் குறைத்தேன். கடைசிப் பாட்டில் தங்கமாரியின் குரல் தெளிவாகக் கேட்கும்வரை குறைத்தேன். ஆல்பத்துக்குக் கதவில் இருந்த தாளின் முதல் வரியையே பெயராக வைத்தோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஊருக்குப் போய்க்கொண்டிருந்த முத்துச்செல்விக்கும், வேலை முடிந்து கம்பெனி பஸ் ஏறியிருக்கும் தங்கமாரிக்கும் அனுப்பினேன். முத்துச்செல்வி உடனே கூப்பிட்டாள். தங்கமாரியிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. எட்டு ஆயிற்று, ஒன்பது ஆயிற்று, பாட்டு எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை.

தூங்கிவிட்டாள்.