கிருபாசங்கரின் ஆறு ஆட்கள்

துடியலூரில் கிருபாசங்கரின் பட்டறையில் அன்புச்செல்வி ஒன்பது வருடம் சிஎன்சி மெஷின் ஓட்டினாள். ஜெர்மன் கம்பெனி ஒன்று அவளுக்கு விசா ஸ்பான்சர் செய்ய முன்வந்து, அவள் அனுபவத்தைப் பற்றி அவரிடம் விசாரித்தது. பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறவள் என்று அவர் பதில் எழுதினார். அந்த வேலை கைநழுவிப் போனது. அவள் வேறு பட்டறையில் சேர்ந்து, மூன்று வருடம் கழித்து இன்னொரு கம்பெனி மூலம் ஜெர்மனிக்குப் போனாள்.

இந்த ஆவணியில் ஆள் எடுக்க, அங்கே அவள் வேலை பார்க்கும் கம்பெனி அவளையே கோவைக்கு அனுப்பியது. அவள் முதலில் கிருபாசங்கரின் ஆட்களைத்தான் அழைத்தாள். மைக்ரான் பிசகாமல் வேலை செய்துகாட்டிய ஆறு பேரையும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் அவள் தங்கியிருந்த ஹோட்டலுக்கே வந்துவிட்டார்.

“அம்மணி, மூணு பேரையாவது உட்டுப்போட்டுப் போங்க. ஆர்டரெல்லாம் நின்னு போயிருமுங்க.”

“நிக்கட்டுமுங்க. அன்னிக்கு நீங்க என்னையப் பத்திப் பொய் எழுதுனீங்க. நான் இவிகளைப் பத்தி உள்ளதைத்தானுங்க எழுதியிருக்கேன்.”

அவர் தலைகுனிந்து நின்றார். இப்படி ஒரு நாளுக்காக அவள் ஏழு வருடம் காத்திருந்தாள். அவரை நேரில் பார்த்தால் இரக்கம் வந்துவிடுமோ என்று பயந்திருந்தாள். வரவில்லை.

தை மாதம் ஆறு பேரும் விமானம் ஏறினார்கள். அந்த வாரமே பட்டறையில் ஆறு மெஷின்கள் ஓட்ட ஆளில்லாமல் நின்றன.